மேஜையில் பேசியது யார்

கல்லூரி விடுதி
1987 செப்டம்பர் 14

லிந்தா அக்காவுக்கு,

இனிமேல் உன்னோடு போனில் பேசமாட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் எப்போதும் நீதான் ஜெயிப்பாய். நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே மூன்று கேள்வி கேட்டு, அதற்குப் பதிலையும் நீயே சொல்லி, வைத்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

இன்று காலை பேஸ்பால் பயிற்சிக்குப் போய்க் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். கோச் வந்து, "அவுத்துடு எலிசேயோ, மேல டாலிவர் உன்னப் பாக்கணுங்கிறாரு" என்றார். டாலிவர் எங்கள் கல்லூரியில் விளையாட்டு விதிகளுக்குக் காவல் இருக்கிற அதிகாரி. ஜூன் மாதம் தொழில்முறை அணிக்கு ஆள் தேடுகிற ஸ்கவுட் ஹாஸ்கெட் நம் வீட்டுக்கு வந்தபோது எனக்காக ஒரு வக்கீல் உட்கார்ந்து பேரம் பேசியதாக அவர் காதுக்கு வந்திருக்கிறது. கல்லூரிக்கு ஆடுகிறவனுக்காக எந்த வக்கீலும் தொழில்முறை அணிக்காரர்களோடு பேசக்கூடாது. பேசினால் அவன் கல்லூரிக்கு ஆடும் தகுதியை இழந்துவிடுவான். அப்பா பேசலாம், அம்மா பேசலாம், அக்காகூடப் பேசலாமாம். நீ அக்காவாகவும் இருக்கிறாய், வக்கீலாகவும் இருக்கிறாய். அன்றைக்கு மேஜையில் பேசியது இரண்டில் யார் என்பதுதான் விசாரணை. அது முடியும்வரை நான் பந்தைத் தொடக்கூடாது.

ஜூன் மாதத்தை ஒரு தடவை நினைத்துப் பார். அணிகள் வரிசையாக ஆள் பொறுக்குகிற நாளில், நான்காவது சுற்றிலேயே என் பெயரை எடுத்தார்கள். நம் பள்ளத்தாக்கில் பந்து எறிகிற எந்தப் பிட்சருக்கும் இதுவரை அது வாய்த்ததில்லை. அவர்களுடைய ஸ்கவுட் ஹாஸ்கெட் வந்து, அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டு, ஒப்பந்தத்தை மேஜையில் வைத்தார். பேனா என் கையில் இருந்தது. நீ "ஒரு நிமிஷம்" என்றாய். எனக்குப் பின்னால் எடுத்த பையன்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டாய். அந்த மனிதர் முகம் தக்காளியாகிவிட்டது. அடுத்த வாரம் அதே காகிதத்தோடு மறுபடி வந்தார், மறுபடி அனுப்பினாய். "இன்னும் ஒரு வருஷம் காலேஜுக்கு ஆடட்டும், அடுத்த ஜூன்ல மொத சுத்துல போவான்" என்று எனக்கு ஜோசியம் சொன்னாய். பேஸ்பாலில் நீ இதுவரை ஒரு ஆட்டத்தை முழுக்கப் பார்த்ததில்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இதை யார் டாலிவரிடம் சொன்னது? கோர்ட்டில் யாரிடமாவது பெருமை அடித்தாயா? எழுது.

எலிசேயோ


சான் ஃபெர்மின்
செப்டம்பர் 21

எலிசேயோவுக்கு,

இதை வெறும் தாளில் எழுதுகிறேன், கவனித்திருப்பாய். என் பெயரும் தொழிலும் அச்சடித்த தாளில் ஒரு வரி எழுதினாலும் அதுவே உனக்கு எதிரான சாட்சியாகிவிடும். அதனால்தான் டாலிவருக்கும் எதுவும் எழுதாமல், போன் செய்யாமல் இருக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

ஜூன் மாதத்தை நானும் நினைத்துப் பார்த்தேன். உனக்கு இரண்டு சுற்று பின்னால் போன கலிபோர்னியாப் பையனுக்குக் கொடுத்ததில் பாதியைத்தான் ஹாஸ்கெட் உன் முன்னால் வைத்தார். ஏன் தெரியுமா? வரும் வழியில் நம் தெருவைப் பார்த்தார். பழக் கொட்டகையில் மேஸ்திரியாக இருக்கிற அப்பா, ஆங்கிலம் வாசிக்க வராது, பையன் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதைவிட வசதி அவருக்கு என்ன வேண்டும்? நான் ஒரு கேள்வி கேட்டேன். அதே மேஜையில் நாளைக்கு உட்கார்ந்தாலும் அதையேதான் கேட்பேன்.

விதி தெரியாமல் உட்கார்ந்தது என் தப்பு என்று நீ நினைப்பாய். வருஷா வருஷம் ஆகஸ்டில் உன் கையில்தான் விதிப் புத்தகத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். நீ ஒரு பக்கமாவது பிரித்தாயா? நீ தூக்கத்தில் எழுப்பினாலும் கையெழுத்துப் போடுகிற ஆள். அதனால்தான் அன்றைக்குப் பேனாவை உன் கையிலிருந்து வாங்கினேன்.

யார் சொல்லியிருப்பார் என்று கேட்டால், ஹாஸ்கெட்தான், வேறு யார்? விசாரணையில், பேசியது என் அக்கா என்று மட்டும் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். வீட்டுக்குப் போன் செய்தால் அப்பாவிடம் இந்தப் பேச்சையே எடுக்காதே.

லிந்தா


கல்லூரி விடுதி
நவம்பர் 30

அக்கா,

தீர்ப்பு வந்துவிட்டது. ஆட்டப் பருவத்தில் பாதி எனக்கு ஆட்டம் கிடையாது. பிப்ரவரியில் எல்லோரும் இறங்கும்போது நான் வெளியே உட்கார வேண்டும். ஏப்ரலிலிருந்து எறியலாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கோச் நினைக்கிறார். ஏப்ரல், மே இரண்டு மாதமும் நான் ஒழுங்காக எறிந்தால் முதல் மூன்று சுற்றுக்குள் போவேன் என்று இரண்டு ஸ்கவுட்டுகள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது அதுவல்ல. பேசியது என் அக்கா என்று நீ சொன்னபடியே சொன்னேன். டாலிவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பாவம் பார்க்கிற சிரிப்பு. ஹாஸ்கெட் அவரிடம் ஏதோ புலம்பியிருக்கிறார், அது வாஸ்தவம்தான். ஆனால் டாலிவர் அதை நம்பாமல், ஸ்பானிஷ் தெரிந்த தன் செக்ரட்டரியை விட்டு நம் வீட்டுக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறார். எடுத்தது அப்பா. "உங்கப்பா ரொம்ப நல்ல மனுஷன்ப்பா, நாங்க கேக்காததையும் சொன்னாரு" என்றார் டாலிவர். அப்பா சொன்னது இதுதான்: "எம் பொண்ணு வக்கீலுங்க. அந்த ஸ்கவுட்ட ரெண்டு தடவ திருப்பி அனுப்புனது அவதான். எம் பையனுக்கும் அவதான் வக்கீலு."

மகள் என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்த அவரால் முடியுமா? சலூனில், சர்ச் வாசலில், கொட்டகையில், எங்கே யார் வந்தாலும் உன்னைக் காட்டி "நம்ம வக்கீலம்மா" என்று சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் சௌக்கியமாக இருக்கிறது, கெட்டது நான்.

உனக்கு இது செப்டம்பரிலேயே தெரியும். "அப்பாவிடம் பேச்சை எடுக்காதே" என்று நீ எழுதியதை மறுபடி படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நன்றி சொல்லும் திருநாளுக்கு நான் வீட்டுக்கு வந்தபோதுகூட வான்கோழியை வெட்டித் தட்டில் வைத்தாயே தவிர வாயைத் திறக்கவில்லை. அதனால் மறுநாள் நீ ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும் நானே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். யாராவது சொல்லத்தானே வேண்டும்.

எலிசேயோ


சான் ஃபெர்மின்
டிசம்பர் 27

எலிசேயோவுக்கு,

நீ அப்பாவிடம் சொன்ன விதத்தை அம்மா எனக்குச் சொன்னாள். "உங்க வாய்தாம்ப்பா என் கைய ஒடிச்சிருச்சு" என்றாயாம். குறி தப்பாமல் எறிகிறவன் நீ, கேட்கவா வேண்டும்.

ஆமாம், எனக்குத் தெரியும். டாலிவர் ஆபீசிலிருந்து போன் வந்த அன்று ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "காலேஜ்ல இருந்து பெரிய ஆபீசரும்மா, என்கிட்ட மரியாதையா பேசுனாங்க, உன்னப் பத்திக் கேட்டாங்க" என்றார். இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அப்பா நீங்கள் உங்கள் மகனைக் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? என்னால் ஆகவில்லை. உன்னால் ஆகிவிட்டது.

நீ வராத இந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் உட்கார்ந்து, சோளமாவை இலையில் வைத்துத் தமாலே கட்டினோம். அப்பா ஒன்றுகூடக் கட்டவில்லை. அத்தை வீட்டுக்காரர்கள் வந்தபோது அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து இது யார் என்று கேட்டார். அப்பா சோளமாவைப் பார்த்துக்கொண்டு, "மூத்தவ" என்றார். அம்மா என்னிடம் தனியாக, "பந்து எறியறதுக்குப் போயி இத்தன ரூலு வச்சிருக்கானுங்களே, அவனுங்க உருப்படுவானுங்களா" என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

நேற்று அப்பா என்னிடம், உன் கல்லூரிக்குப் பஸ் எங்கே மாற வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றேன். சும்மா என்றார். அவரை என்னவோ செய்கிறது. நீ ஒரு போன் செய்து நாலு நல்ல வார்த்தை பேசு. ஏப்ரல் இருக்கிறது, ஒன்றும் முழுகிப் போகவில்லை என்று சொல்.

லிந்தா


கல்லூரி விடுதி
1988 ஜனவரி 24

அக்கா,

கோபப்படாதே என்று எழுத நினைத்தேன். கோபப்படு, ஆனால் கடைசிவரை படி.

வியாழக்கிழமை அப்பா இங்கே வந்தார். அம்மாவிடம்கூடச் சொல்லாமல், ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற அந்தப் பழுப்பு சூட். டாலிவருக்கு ஒரு பெட்டி கிரேப்ஃப்ரூட், தானே பொறுக்கி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஆட்டக்காரன் வீட்டிலிருந்து பழம் வாங்கினால் அதுவும் விதிப்படி குற்றம் என்று டாலிவர் தொடவில்லை. பேசி முடிக்கும்வரை அந்தப் பெட்டி என் மடியில் இருந்தது.

செக்ரட்டரிக்கு அன்று உடம்பு சரியில்லை. அதனால் அப்பா பேசியதை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். "எம் பொண்ணு வக்கீலு இல்லீங்க. வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணு. நான்தான் பெருமைக்கு அப்பிடிச் சொல்லிட்டேன். நாங்க படிக்காதவங்க சார், கோட்டு போட்டு ஆபீசுக்குப் போனா எங்களுக்கு எல்லாரும் வக்கீலுதான்."

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். டாலிவர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அப்படியானால் இதில் குற்றமே இல்லை, முதல் ஆட்டத்திலிருந்தே பையன் எறியலாம், ஆனால் நான் உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

அவர் அடுத்த வாரம் உன்னைக் கூப்பிடுவார். அக்கா, உன் ஆபீசில் யார் டைப் அடிக்கிறார்கள்? நீதானே. ஆள் வைக்க உனக்கு வசதி இல்லை. டைப் அடிக்கிறேன் என்று சொல், அது பொய்கூட இல்லை. முதல் ஆட்டம் பிப்ரவரி பன்னிரண்டு. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

அப்பாவைப் பஸ் ஏற்றிவிட்டபோது, "இப்ப சரியாயிடும்ல?" என்று கேட்டார். சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

எலிசேயோ


சான் ஃபெர்மின்
பிப்ரவரி 2

எலிசேயோவுக்கு,

உன் கடிதம் போனுக்கு முன்பே வந்துவிட்டது. தாமதமாக வந்தது என்று நான் சொல்லியிருக்கலாம், நீயும் நம்பியிருப்பாய். ஆனால் அதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டுதான் டாலிவரோடு பேசினேன்.

மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க டைப்பிஸ்டுன்னு உங்க அப்பா சொல்றாரு. சரிதானாம்மா?" என்றார். நான் வக்கீல் என்றேன். அப்படியானால் உங்கள் அப்பா சொன்னது என்ன என்று கேட்டார். அவர் எங்கள் அப்பா, அதற்கு மேல் நான் எதுவும் சொல்வதற்கில்லை என்றேன்.

ஆஸ்டினில் இருக்கிற வக்கீல் சங்கத்துக்கு ஒரு போன் போட்டால் என் பெயர் வக்கீல்கள் பட்டியலில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். நான் பொய் சொல்லி மாட்டினால் உன் ஆட்டமும் போகும், என் தொழிலும் போகும். இது நியாயமான காரணம்தான். ஆனால் எனக்கு முதலில் தோன்றிய காரணம் இதுவல்ல.

நீ அப்போது நாலு வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்காமலே டைப்பிங் வகுப்பில் போட்டார்கள். நம் தெருப் பெண்கள் எல்லோரையும் அதில்தான் போடுவார்கள். அல்ஜீப்ரா ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு. அப்பா அதே பழுப்பு சூட்டைப் போட்டுக்கொண்டு, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பிரின்சிபால் முன்னால் நின்றார். அன்றைக்கு அவர் பேசியதை ஆங்கிலத்தில் சொன்னது நான். "எம் பொண்ணு டைப் அடிக்க வரல சார், படிக்க வந்திருக்கா" என்றார். என் வாயாலேயே அதைச் சொன்னேன். இப்போது அதே வாயால் டைப்பிஸ்ட் என்று சொல்ல எனக்கு வரவில்லை. நீ எதையும் கேட்டதில்லை என்கிறாய். கேட்டதே இதுவாகப் போயிற்று.

இனி அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நீ என்னை என்ன சொல்வாய் என்பதும் தெரியும்.

லிந்தா


கல்லூரி விடுதி
பிப்ரவரி 9

பருவம் முழுக்கப் போய்விட்டது. நானும் அப்பாவும் விசாரணையை ஏமாற்றப் பார்த்தோமாம். அப்பா ஏமாற்றினார், நான் மொழிபெயர்த்தேன், அதனால் எனக்கும் பங்கு. ஏப்ரலும் இல்லை, மேயும் இல்லை. கோச் என் அணிச் சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவராலேயே என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரு போன் பேசி முடிக்கும் நேரம் உன்னால் டைப்பிஸ்டாக இருக்க முடியவில்லையா?

அல்ஜீப்ரா கதை நன்றாக இருந்தது. உனக்காக அப்பா உண்மையைச் சொல்லி ஜெயித்தார். எனக்காகப் பொய் சொன்னார், உன்னிடம் தோற்றார். அவர் உனக்காக ஒரு தடவை கோட்டு போட்டுக்கொண்டு வந்ததற்கு, நீ அவரை ஊர் பேர் தெரியாத அதிகாரி முன்னால் பொய்யனாக்கி அனுப்பினாய். இனி எனக்கு எழுதாதே.

எலிசேயோ


சான் ஃபெர்மின்
ஏப்ரல் 11

எலிசேயோவுக்கு,

எழுதாதே என்றாய். உன் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் எழுதுகிறேன், மன்னிப்புக் கேட்க அல்ல.

பருவம் தொடங்கியதிலிருந்து கொட்டகையிலும் சலூனிலும் எல்லோரும் அப்பாவைக் கேட்கிறார்கள், பையன் ஏன் இறங்கவில்லை என்று. அவர் என்ன சொல்வார், பாவம். "கையில கொஞ்சம் வலி, ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். வெட்கத்தை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கு நேற்றுதான் தெரிந்தது. சலூனில் கேட்டது ஸ்கவுட் காதுவரை போகும் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். உடனே ஒரு டாக்டரிடம் கையைக் காட்டி, ஒரு கோளாறும் இல்லை என்று அந்த இரண்டு ஸ்கவுட்டுகளுக்கும் தெரியப்படுத்து.

அப்பாவிடம் இதைக் கேட்க என்னால் முடியாது. என்னிடம் அவர் பேசுவதே உப்பு வேண்டுமா, கார் சாவி எங்கே என்பதோடு சரி. ஒருநாள் மட்டும், "நீ சொன்னது சரிதாம்மா, பொய் சொன்னவன் நான்தான" என்றார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

லிந்தா


கல்லூரி விடுதி
ஜூன் 8

அக்கா,

படிப்பும் முடிந்தது, அணிகள் ஆள் பொறுக்குவதும் முடிந்தது. முப்பத்தெட்டாவது சுற்று. அந்த நேரத்தில் பாதி அணிக்காரர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எடுத்தது அதே அணி, போன் செய்தது அதே ஹாஸ்கெட்.

ஏப்ரலில் நீ எழுதியதைப் படித்தேன். டாக்டரிடம் போ என்றாய். சட்டம் படித்தவளுக்கு இது தெரியாது. கை டாக்டர் வாசலில் நின்ற பிட்சரை எந்த அணியும் தொடாது. வலி இல்லை என்று சான்றிதழ் வாங்கப் போனாலே, வலி இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதனால் சும்மா இருந்தேன். தினமும் மைதானத்துக்கு வெளியே ஒரு வலையைக் கட்டிக்கொண்டு, யாரும் மட்டை பிடிக்காமல், தனியாக எறிந்தேன். அந்த இரண்டு ஸ்கவுட்டுகளில் ஒருவர்கூட வரவில்லை.

ஹாஸ்கெட் போனில், "கை எப்பிடிப்பா இருக்கு? உங்க ஊர்ல வலின்னாங்களே" என்றார். எங்கள் அப்பா பொய் சொன்னார் என்று சொல்லலாம்தான். அதைத்தான் நீ ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டாயே.

போன வருஷம் எனக்குத் திரும்பிப் போகக் கல்லூரி இருந்தது. அதனால் அவர் நம் வீட்டுப் படியை இரண்டு தடவை ஏறினார். இப்போது எனக்குப் போக வேறு இடம் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பஸ் டிக்கெட்டும் ஒரு ஜோடி காலணியும் தருவார்களாம்.

சனிக்கிழமை வருகிறார். அதே மேஜைதான். நீயும் வா. கோட்டு போட்டுக்கொண்டு, பெயர் அச்சடித்த தாளோடு வா. இந்த முறை விதிப் புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டேன். கல்லூரி ஆட்டம் முடிந்தவன் எத்தனை வக்கீலை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க முடியாது. பிடுங்கிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லாதவனுக்கு அந்த உரிமையைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

எலிசேயோ


சான் ஃபெர்மின்
ஜூன் 20

எலிசேயோவுக்கு,

நீ இருக்கிற ஊரின் விலாசத்தை ஹாஸ்கெட்டிடம் கேட்டு வாங்கினேன். மகனுடைய விலாசத்தை அந்த ஆளிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அம்மா அழுதாள்.

சனிக்கிழமை நான் கோட்டு போடாமல்தான் வந்தேன், பார்த்தாய். என்னை நன்றாகத் தெரிந்திருந்தும் ஹாஸ்கெட், "மேடம் யாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அப்பா மேஜை விரிப்பின் ஓரத்தைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தார். நானே, "இவனோட அக்கா" என்றேன். போன வருஷமே இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று உன் முகத்தில் எழுதியிருந்தது. படித்துக்கொண்டேன்.

ஒப்பந்தத்தை நான் வாசிக்கத் தொடங்கினேன். அதில் பேரம் பேச ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போடுகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்றாவது தெரிய வேண்டும். நான் இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டாய். உனக்கான பிரதியை என் பக்கம் தள்ளிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்கெட்டோடு வெளியே போனாய். அம்மா உங்கள் பின்னாலேயே ஓடினாள். அப்பா எழுந்திருக்கவில்லை. "நீ படிம்மா, நான் கேக்குறேன்" என்றார். ஜனவரிக்குப் பிறகு, உப்பையும் சாவியையும் தவிர, அவர் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. அதனால் படித்தேன், வரிக்கு வரி ஸ்பானிஷில் சொன்னேன்.

ஐந்தாம் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, நீயும் தெரிந்துகொள். கையில் கோளாறு இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றினால் போதும், எந்த நாளிலும், சான்று காட்டாமல், உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அப்பா அதை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். 'கையில்' என்ற சொல்லை மட்டும் இன்னொரு தடவை கேட்டார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு, தொப்பிகூட எடுக்காமல் வாசலுக்குப் போனார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பையனுக்குக் கையில் ஒன்றும் இல்லை, நான் சொன்னது பொய் என்று அந்த ஆளிடம் சொல்லத்தான் போனார்.

அதற்குள் கார் போய்விட்டிருந்தது. வெயிலில் வெகு நேரம் நடுத்தெருவிலேயே நின்றார். நான் போய்க் கூப்பிடவில்லை.

லிந்தா